ஆடும் முன் ஆட்டிப் பார்!

அசெம்பிள் செய்த கேமிங் பிசி மலை ஏறினால்... கரண்ட், பனி, கொண்டை ஊசி வளைவு, வாரண்டி: ஏற்காட்டை முன்வைத்து ஓர் அலசல்

சேலத்தில் கிளம்பிய கார் இருபதாவது கொண்டை ஊசி வளைவையும் திரும்பி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. பின்சீட்டில் போர்வை சுற்றிய கேபினெட். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பையன் அதை யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிப்போய் மேசைமேல் வைக்கிறான். வெளியே பனி இறங்கி சில்வர் ஓக் மரங்களின் உச்சியை மறைத்துவிட்டது. வயரெல்லாம் மாட்டிப் பொத்தானை அழுத்துகிறான். விசிறிகள் சுற்றுகின்றன; கண்ணாடிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடுகின்றன. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

"மாமா, டிஸ்ப்ளே வரல."

"கடையில வந்துச்சுல்லடா?"

"வந்துச்சு மாமா. அரை மணி நேரம் கேம் ஓட்டியே காமிச்சாங்க."

"அப்ப வழியிலதான் ஏதோ ஆயிருக்கு. மொதல்ல ஆஃப் பண்ணிட்டு பிளக்கப் புடுங்கு."

குறிப்பிட்ட ஒரு வீட்டில் நடந்ததாக இதைச் சொல்லவில்லை. கீழே பிசி வாங்கி மேலே கொண்டுபோகும் எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடியதுதான். மாமாவின் ஊகமும் பெரும்பாலும் சரி. இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் ஒன்றரை, இரண்டு கிலோகூட இருக்கின்றன. அந்த எடை முழுவதும் மதர்போர்டின் ஒரே ஸ்லாட்டிலும் இரண்டு திருகுகளிலும் தொங்குகிறது. இருபது வளைவுகளிலும் அது இடமும் வலமுமாக இழுபட்டால், தங்கமுலாம் பூசிய முனைகள் மயிரிழை விலகினாலும் போதும், படம் வராது. மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வைத்துத் தனியாகக் கொண்டுபோவதே நல்லது. முடியாவிட்டால், மதர்போர்டு தரைக்குப் படுக்கைவாட்டில் இருக்கும்படி கேபினெட்டைச் சாய்த்து வைக்க வேண்டும். அப்போது கார்டு நிமிர்ந்து நிற்கும், ஸ்லாட் தப்பிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கோளாறே இல்லை. டிடிஆர் 5 ராம் போட்ட புது மதர்போர்டு முதல்முறை உயிர்பெறும்போது, ராமோடு எந்த வேகத்தில், எந்த நேரக் கணக்கில் பேசுவது என்று தானே பழகிக்கொள்கிறது. இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரை இருட்டுதான். பொறுமை இழந்து பாதியில் அணைத்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். 'போர்டு அவுட்' என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பப்பட்ட நல்ல போர்டுகள் எத்தனையோ!

யார் சோதித்தது?

கம்பெனி பிசி என்றால் தொழிற்சாலையில் பூட்டி, ஓடவிட்டுப் பார்த்துத்தான் பெட்டிக்குள் போகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2007 முதல் இயங்கும் டெல் ஆலையைப் போன்ற இடங்களில் சோதனை என்பது உற்பத்தி வரிசையின் ஓர் அங்கம். அசெம்பிள் பிசியின் கதை வேறு. ப்ராசசர் ஒரு நிறுவனம், மதர்போர்டு வேறொன்று, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு என ஆறேழு பெட்டிகள். சேலத்துக் கடையோ, சென்னை ரிச்சி தெருவோ, கூரியரோ, எங்கிருந்து வந்தாலும் ஒவ்வொன்றையும் அதனதன் கம்பெனி சோதித்திருக்கும். இவை எல்லாம் சேர்ந்து உங்கள் வீட்டுக் கரண்டில், உங்கள் ஊர்க் காற்றில் ஓடுமா என்பதை உலகத்தில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அந்த வேலை வாங்கியவர் தலையில்தான். கடையில் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டியது விற்பனையின் ஒரு பகுதி. அதைச் சோதனைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பாறை மேல் எர்த்

மலையில் கேமிங் பிசிக்கு வெயில் எதிரியே இல்லை. முதல் எதிரி கரண்ட்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்னும் கடும்பாறை. மேலே பல இடங்களில் பாக்சைட் கலந்த செம்மண் போர்வை. எர்த் குழி நன்றாக வேலை செய்ய, ஈரம் நிற்கும் ஆழமான மண் வேண்டும். கொஞ்சம் தோண்டியதும் பாறை தட்டும் இடத்தில் உப்பும் கரியும் கொட்டிக் குழி எடுத்தாலும், கோடையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் எர்த் பலவீனமாகிவிடும். பழைய தோட்டத்து வீடுகளில் மூன்றாவது துளை பிளக்பாயின்ட்டில் இருக்கும்; அதன் பின்னால் வயர் இருக்கிறதா என்பது சுவரைக் கட்டியவருக்கே வெளிச்சம்.

எர்த் இல்லாவிட்டால் என்ன? கேபினெட்டைத் தொட்டதும் சுருக்கென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் அறுந்திருந்தால் உடம்பு இரண்டுக்கும் நடுவே, 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓடும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஆளைச் சாய்க்காது. ஆனால் அந்த நிலையில் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ கேபிள்களை மாட்டிக் கழற்றினால் போர்ட்டுகள் போக வாய்ப்பு உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு விளையாடுவது இதற்கு வைத்தியம் இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஆனால் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவைத்த திருட்டு வேலையிலும் மீட்டர் பூஜ்யத்தைத்தான் காட்டும். அதனால் எர்த் வயர் குழிவரைக்கும் போகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கையோடு, மின்கசிவைக் கண்டு கரண்டை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுவிடுவது வீட்டில் எல்லாருக்கும் நல்லது.

அடுத்தது, கரண்ட் போய்ப் போய் வருவது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து லைன் அறுவது மலையூர்களுக்குப் புதிதல்ல. ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்று கரண்ட் நின்ற பிறகும் தன் கெப்பாசிட்டரில் உள்ள சேமிப்பைக் கொண்டு சுமார் 16 மில்லிவினாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர் மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லிவினாடி. அந்த 16 மில்லிவினாடிக்குள் இன்வெர்ட்டர் மாறிவிட்டால் கேம் தொடரும். இல்லாவிட்டால் பொட்டென்று அணையும். எனவே இன்வெர்ட்டரில் 'யூபிஎஸ் மோடு' போட்டிருக்கிறதா, அது சைன் வேவ் வகைதானா என்பதும் பிசி சோதனையின் பகுதியே. கேம் முழு வேகத்தில் ஓடும்போது வேண்டுமென்றே மெயினை அணைத்துப் பார்க்கலாம். சேமிக்க வேண்டிய ஃபைல் எதுவும் இல்லாத முதல் வாரத்திலேயே அந்தத் துணிச்சலைக் காட்டிவிடுங்கள். இடி இறங்கும் நேரத்தில் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். பவர் கேபிளையும் இன்டர்நெட்டின் செம்புக் கேபிளையும் உருவிவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் உத்தமம்.

பனி உள்ளே வந்தால்

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும், வெப்பத்தைச் சுமந்து போகக் காற்றின் நிறை குறைகிறது. அப்படியானால் மலையில் பிசி சூடாகுமா? கணக்குப் போட்டால் நேர்மாறாக வரும். சேலத்தில் அறை 38 டிகிரி, ப்ராசசர் 88 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: வித்தியாசம் 50. மலையில் மெல்லிய காற்றால் அது 55 ஆகட்டும். அறை 22 டிகிரி என்றால் ப்ராசசர் 77-இல் நிற்கும். லாபம் மலைக்கே.

சிக்கல் வேறிடத்தில். ஜனவரி இரவில் ஏற்காட்டில் 'அருமையாக ஓடுகிறது' என்று சான்றிதழ் வாங்கிய பிசி, ஜூனில் சென்னை ஹாஸ்டலுக்குப் போனால் மூச்சுத் திணறும். இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி உச்சவரம்பு. மலையில் சோதிப்பவர் இதற்கு 20 டிகிரியாவது கீழே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈரம் அதைவிட மோசம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த காலம் முதல், பறித்த பழத்தை உலர்த்த வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஊர் இது. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் காற்று, மதர்போர்டை மட்டும் விட்டுவைக்குமா? இரவெல்லாம் அணைந்து குளிர்ந்த உலோகத்தின்மேல், விடிந்ததும் ஜன்னல் வழியே வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கும். மேலிருந்து சேலத்துக்கு இறக்கும்போதும் இதேதான். பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் போட்டுவைத்துவிட்டு அப்புறம் கரண்ட் கொடுக்க வேண்டும். தினமும் ஓடும் பிசி தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். விடுமுறைக்கு மட்டும் வரும் பையனின் பிசிதான், மாதக்கணக்கில் சும்மா கிடந்து, எறும்புக்கும் பல்லிக்கும் குடித்தனம் கொடுக்கும்.

---
பெட்டிச் செய்தி: முதல் வாரம்

பூட்டும் முன்: கேபினெட்டுக்குள் போகுமுன், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்து ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ராம், இவற்றோடு உயிர் வருகிறதா என்று பாருங்கள்.

பயாஸ்: முதல் வேலை அப்டேட். பிறகு ராம் அளவு, வெப்பநிலை, எஸ்எஸ்டி தெரிகிறதா என்பது. 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும்.

ராம்: மெம்டெஸ்ட் 86 பிளஸ், ராத்திரி முழுக்க. முதல் இரவு சாதாரண வேகத்தில். மறு இரவு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் கூடுதல் வேக அமைப்பைப் போட்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான்.

ப்ராசசர்: பிரைம் 95, ஓசிசிடி, சினிபெஞ்ச். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலை ஓடட்டும்.

கிராபிக்ஸ் கார்டு: 3டி மார்க் அழுத்தச் சோதனையில் 20 சுற்று, வேகம் 97 சதவீதம் நிலையாக இருந்தால் தேர்ச்சி. வீடியோ மெமரிக்கு ஓசிசிடி. பதினாறு முனைப் பவர் கனெக்டர் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 600 வாட் ஓடினால் அதில் 50 ஆம்பியர் பாயும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இந்த கனெக்டர் உருகியபோது, சரியாக அழுத்தப்படாததே காரணம் என்றது என்விடியா.

எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்: எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைப் பாருங்கள். 2025 தொடக்கத்தில், பல்லாயிரம் மணி ஓடிய சீகேட் டிஸ்க்குகளைக் கணக்கை அழித்துப் புதிது என்று யாரோ விற்றது ஜெர்மனியில் அம்பலமானது.

---

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சோதிக்காமல் பழி போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்காலப் பாடம், இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்கள். உயர்விலைக் கோர் ஐ7, ஐ9 வாங்கியவர்களுக்கு அன்ரியல் இன்ஜினில் எழுதிய கேம்கள் திறக்கும்போதே விழுந்தன. திரையில் வந்த செய்தியோ, 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற பொருளில். அதைப் படித்தவர்கள் என்ன செய்வார்கள்? கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள், மாற்றினார்கள், மாற்றிய பிறகும் அதே செய்தி.

உண்மையில் நடந்தது இதுதான். கேமின் சுருக்கிவைத்த தரவை விரிக்கும் வேலையை ப்ராசசர் செய்கிறது. அது தப்பாக விரித்த குப்பையை வாங்கிய கேம், வாய்க்கு வந்த காரணத்தைச் சொன்னது. விரிக்கும் மென்பொருளை எழுதிய ராட் நிறுவனமே, 2024 தொடக்கத்தில், கோளாறு எங்கள் நிரலில் இல்லை, ப்ராசசரில் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் தேவைக்கு மேல் வோல்டேஜ் போகிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோடு அப்டேட்டும், வாரண்டிக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்பும் வந்தன. மொத்தம் ஐந்து ஆண்டு. ஏற்கெனவே அடிபட்ட ப்ராசசரை அப்டேட்டால் குணப்படுத்த முடியாது என்பதையும் சொன்னார்கள்.

இதில் சோதிப்பவருக்கு இரண்டு சங்கடங்கள். முதல் நாள் எல்லாச் சோதனையிலும் தேறிய ப்ராசசர் ஆறு மாதத்தில் தளர்ந்தது. ஆகவே முதல் நாள் அளவுகளை எழுதிவைத்து, அவ்வப்போது ஒப்பிட வேண்டியிருக்கிறது. அடுத்து, எல்லாக் கோர்களையும் ஒருசேர வதைக்கும் சோதனை மட்டும் போதாது. ஓரிரு கோர்கள் உச்ச வேகத்துக்குத் தாவும் இலகுவான வேலைகளில்தான் வோல்டேஜ் மிக உயரும். பெரிய கேமை நிறுவுவது, பெரிய ஜிப் ஃபைலை விரிப்பது போன்ற அலுப்பான வேலைகளும் நல்ல சோதனைகளே. இதை விற்பனைக் கவுன்ட்டரில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

ப்ராசசர் கணக்கில் தப்புவது புதுக்கதையும் இல்லை. 1994-இல் பென்டியம் சிப் வகுத்தலில் பிழை செய்வதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது விடை இடித்தது. இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு. நாம் இன்று வதைப்புக்குப் பயன்படுத்தும் பிரைம் 95-உம் அதே வம்சம்தான். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய பகா எண் வேட்டையின் கருவி அது. 2016 தொடக்கத்தில் ஸ்கைலேக் ப்ராசசர்கள் உறைந்துபோகும் கோளாறை வெளிக்கொண்டு வந்ததும் அந்த வேட்டைக்காரர்கள்தான்.

சத்தமில்லாத பொய்

பிசி அணைந்துபோனால் தெரியும். தப்பு விடையைத் தந்துவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால்? 2021-இல் ஹரிஷ் தத்தாத்ரேய தீட்சித், ஸ்ரீராம் சங்கர் உள்ளிட்ட ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பிடித்த ஒரு ப்ராசசரில் 59 என்ற எண்ணிட்ட கோர் மட்டும் 1.1-இன் 53-ஆம் அடுக்கின் முழு எண் பகுதியைக் கேட்டால் 156 என்று சொல்லாமல் பூஜ்யம் என்றது. எந்த எச்சரிக்கையும் இல்லை. அந்தப் பூஜ்யத்தால் ஃபைல்கள் காணாமல் போயின.

ராமிலும் இது உண்டு. கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் சொன்னது: ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ராம் துண்டுகளில் ஒருமுறையாவது பிழை. சர்வர் ராம் பிழையைத் திருத்திப் பதிவும் செய்யும். வீட்டு ராம் வாய் திறக்காது. டிடிஆர் 5 சிப்புக்குள் ஒரு திருத்த ஏற்பாடு உண்டு. சிப்பிலிருந்து ப்ராசசர் வரும் வழியில் நேரும் பிழையை அது பார்க்காது. ஆக, கேமிங் பிசியில்தானே என்று அலட்சியம் செய்தால், அதே பிசியில் இருக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் அக்கா கல்யாணப் போட்டோக்களும் பூச்சி அரித்திருக்கும். மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அப்போதும் விண்டோஸைத்தான் திட்டுவோம்.

ஏழு நாள், பத்து நாள்

ஆன்லைன் கடைகள் பலவற்றில் மாற்றித் தரும் காலம் ஏழு முதல் பத்து நாள். அதைத் தாண்டினால் கம்பெனி சர்வீஸ் சென்டர். மலையிலிருந்து சேலம், கோவை அல்லது சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பு. அந்த முதல் வாரத்தைத்தான் பையன்கள் கேம் டவுன்லோடு செய்தே கழிக்கிறார்கள்!

விலை ஏறும் காலத்தில் காத்திருப்பு இன்னும் செலவு வைக்கும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் திருப்பிவிடப்பட்டதில், 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், பொதுமக்கள் வாங்கும் தன் குரூஷியல் வியாபாரத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தது. விலை ஏறுமுகத்தில் இருக்கும்போது பழுதான ராமுக்குக் கடைக்காரர் பில் தொகையைத் திருப்பித் தந்தால், அந்தப் பணத்துக்கு அதே ராம் கிடைக்காது. பணத்துக்குப் பதில் பொருளையே கேட்டு வாங்குங்கள்.

தராவிட்டால்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மலைவாசிக்கு ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. கடை டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஏற்காட்டுக்காரருக்குச் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆன்லைன் கடை என்றால், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி பில், சீரியல் நம்பர், அட்டைப்பெட்டி எதையும் எறியாதீர்கள். மெம்டெஸ்ட் திரையில் சிவப்பு வரி வந்தால், ராமின் சீரியல் நம்பரும் தெரிய ஒரு போட்டோ. வழக்கு என்று வந்தால், சோதித்தால்தான் தெரியும் என்ற வகைப் பழுதுக்குப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அங்கே போகும் ராமுக்குத் துணையாக, எந்தத் தேதியில், எந்த வேகத்தில், எத்தனையாவது சுற்றில் பிழை வந்தது என்று வீட்டிலிருந்து ஒரு தாளும் போகட்டும்.